மூன்று அங்குலம் இறக்கிய கூரை

ரிடையர் ஆன பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கும்போதெல்லாம், "கார் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் சொல்லி வருகிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் சிஞ்ச்வட் பக்கம் ஏதோ கம்பெனியில் கன்சல்டன்ட்டாகச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து, தங்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் கார் ஒரு சாண் நீளம்கூடக் கிடையாது. பிளாஸ்டிக்கில் ஆனது. அதை ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். ஒட்டத்தான் பசை வேண்டும். இந்த விவகாரத்தை விவரமாக எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

முதலில் 'ஸ்கேல்' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். பொம்மைக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. பொம்மை, பார்வைக்கு அசல் மாதிரி இருந்தால் போதும். மாடல் என்றால் அதன் ஒவ்வொரு அளவும் அசலின் அளவை ஒரே எண்ணால் வகுத்து வந்ததாக இருக்க வேண்டும். புனேவாசிகளுக்கு இதை விளக்கிக் காட்ட கோத்ரூடில் ஓர் இடமே இருக்கிறது. பி. எஸ். ஜோஷி என்பவர் வாழ்நாள் ஆசையாக வளர்த்து 1998-ல் திறந்த மினியேச்சர் ரயில்வே மியூசியத்தைத்தான் சொல்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், சனிவார்வாடாவும் தகடூஷேட் கணபதியும் ஆனபிறகு நான் அழைத்துப்போகும் மூன்றாவது இடம் அது. ஒரே ஹாலுக்குள் ஒரு நகரம். சிக்னல், மேம்பாலம், தெருவிளக்கு எல்லாம் உண்டு. நடுவே ரயில்கள் ஓடும். குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அங்கே அதிக நேரம் வாய் பிளந்து நிற்பார்கள்.

அங்கே உள்ளவை 'ஹெச்ஓ' ஸ்கேல், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 வரும். ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜ். நம் பிராட் கேஜோ 1676. அதே ஸ்கேலில் அது 19.3 மில்லிமீட்டராக வந்தாக வேண்டும். ஆகவே நம்மூர் டெக்கான் குவீனை அதே ஸ்கேலில் செய்து, கடையில் கிடைக்கும் ரெடிமேட் தண்டவாளத்தில் யாராவது ஓட்டினால், உடம்பு பெருத்து கால்கள் நெருங்கிய ஆசாமி போல இருக்கும். பார்க்கும் ஜனங்களுக்கு இது தெரியாது. ஆனால் இரண்டு சக்கரங்களின் உட்புறத்துக்கு நடுவே 1600 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று 37 வருஷம் கேஜ் வைத்துப் பார்த்தவன் கண்ணுக்குத் தப்புமா?

அந்த 1600-க்குக் கூட இரண்டு, குறைய ஒன்று மில்லிமீட்டர் வரைதான் சலுகை. அதைத் தாண்டினால் சக்கரம் ஒதுக்கப்படும். ரயில்வேயில் கேரேஜ்காரனின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான். ஒரு போல்ட்டின் இடத்தை அரை அங்குலம் நகர்த்தலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நகர்த்தினால் நன்றாகவும் இருக்கலாம். ஆனால் லக்னோவில் 1957-லிருந்து ஆர்டிஎஸ்ஓ என்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கிருந்து திருத்திய ட்ராயிங் வராமல் அந்த போல்ட் நகராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் தூங்கிக்கொண்டு போகும் வண்டியில் ஆளுக்கு ஆள் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டக் கூடாது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த என் தகப்பனாரும் இதைத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவன் கைக்குத்தான், ஆபீஸ் வேலையாக டெட்ராய்ட் போய்வந்த மாப்பிள்ளை மூலமாக ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி உண்மையில் என் 14 வயதுப் பேரனுக்கு. உள்ளே 1932-ம் வருஷத்து ஃபோர்டு, மூன்று ஜன்னல் கூப்பே, 25-ல் ஒரு பங்கு ஸ்கேல். நூற்றுச் சொச்சம் பாகங்கள், காம்பில் தொங்கும் காய்கள் போல பிளாஸ்டிக் சட்டங்களில். கூடவே பன்னிரண்டு பக்க விளக்கப் படம். அசல் வண்டிக்கு முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை 106 அங்குலம். பெட்டியில் இருந்ததை வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன்: 108 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. கணக்கு சரி. எனக்குத் திருப்தி.

பேரனுக்குத் திருப்தி இல்லை. படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதோட கூரையை இறக்கலாமா?" என்றான்.

"ட்ராயிங்கில் அப்படி இல்லையேடா."

"அதுக்குத்தானே தாத்தா இதுக்குப் பேரு ஹாட் ராட்!"

ஹாட் ராட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. 1932-ல் ஹென்றி ஃபோர்டு ஒரு காரியம் செய்தார். அதுவரை பணக்காரர்களின் கார்களில் மட்டும் இருந்த வி-8 இன்ஜினை, ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானியர் வாங்கும் காரில் வைத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைச்சக்தி. நாலைந்து வருஷத்தில் இந்தக் கார்கள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. தெற்கு கலிபோர்னியாவில் மியூராக் என்ற இடத்தில் வற்றிப்போன ஏரி ஒன்று உண்டு. தரை ரொட்டி சுட்ட கல் போல மட்டமாக இருக்கும். இளவட்டங்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். வேகத்துக்கு இடைஞ்சலானதெல்லாம் கழன்றது: மட்கார்டு, பானெட், பம்பர். காற்றுத் தடையைக் குறைக்கக் கூரையை வெட்டி இறக்கினார்கள். 1937-ல் இவர்களின் கிளப்புகள் ஒன்றுகூடி ஒரு சங்கமும் கண்டன. பிறகு யுத்தம் வந்தது. அந்த ஏரித் தரை ராணுவத்தின் வசமாகி இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாக இருக்கிறது. யுத்தம் முடிந்து திரும்பிய பையன்கள் கையில் மெக்கானிக் பயிற்சியும் கொஞ்சம் பணமும் இருந்தன. 1948 ஜனவரியில் இதற்கென்றே 'ஹாட் ராட்' என்று ஒரு பத்திரிகையும் வந்துவிட்டது. அத்தனை கார்களிலும் 1932 மாடலுக்குத் தனி மவுசு. காரணம், மட்கார்டைக் கழற்றினாலும் அதன் சேசிஸ் அசிங்கமாகத் தெரியாது. பக்கச் சட்டத்தில் அழகான ஒரு வளைவுக் கோடு அழுத்தியிருப்பார்கள். நிர்வாணத்திலும் லட்சணம் என்று சொல்லலாம்.

பிளாஸ்டிக் கிட்டுகளும் இந்தப் பைத்தியத்தின் குழந்தைகளே. ஏஎம்டி என்ற கம்பெனி முதலில் கார் டீலர்களின் மேசைக்காக மாதிரிக் கார்கள் செய்து கொடுத்தது. 1958-லிருந்து ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டும்படி பாகங்களை வைத்து விற்க ஆரம்பித்தது: கம்பெனியிலிருந்து வந்தபடி, அலங்காரமாக, அல்லது ரேஸுக்கு. ரெவெல், மோனோகிராம் கம்பெனிகளும் இறங்கின. ஆக, மாற்றிக் கட்டுவது இந்தக் கலையில் குற்றமில்லை, அதுதான் விதி. இதை மனசு ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

சரி, கூரைக்கு வருவோம். மூன்று அங்குலம் இறக்குவது என்று முடிவு. 25-ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர். தூண்களில் மூன்று மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு மேல் பாதியைக் கீழே உட்கார வைத்தால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். பேரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. "காகிதத்தில் போடு" என்றேன். பக்கத் தோற்றத்தை வரைந்து, வெட்டி, நகர்த்திப் பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த காரில் முன் தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பின் தூண் முன்பக்கமாக. மேலே போகப் போகக் கூண்டு குறுகுகிறது. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் மேல் பாதியின் கால்கள் கீழ்ப் பாதியின் கால்கள்மேல் உட்காராது. உள்ளே தள்ளி நிற்கும். ஒன்று, முன் தூணை இன்னும் சாய்க்க வேண்டும். அல்லது கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் ஒட்டுப் போட்டு நீட்ட வேண்டும். 1940-களில் கலிபோர்னியா பட்டறைக்காரர்கள் நிஜத் தகட்டில் பட்ட பாடும் இதேதான். பிளாஸ்டிக் ஆனாலும் ஜியாமெட்ரி விட்டுக்கொடுக்காது.

நாங்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தோம். எல்லாத் தூணிலும் ஒரே உயரத்தில் கோடு விழ வேண்டுமே, அதற்குப் பட்டறை வழி ஒன்று உண்டு. ஒரு தடித்த கண்ணாடித் துண்டை மேசையில் போட்டு, மரக்கட்டைமேல் பிளேடைப் படுக்கவைத்து இறுக்கிக் கட்டி, கட்டையை அசைக்காமல் கார் உடம்பை மட்டும் சுற்றிச் சுற்றித் தள்ளினால், நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் கீறல் விழும். அடியில் ஒரு பட்டையை வைத்து உயர்த்தினால் இரண்டாவது கோடு. மெல்லிய பற்கள் உள்ள ரம்பத்தால் அறுத்தவன் பேரன்தான். நான் வெர்னியரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை. கூரையின் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒட்டுப் பட்டை. மூட்டுகளில் பட்டி பூசி, காய்ந்ததும் 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர்.

கூரை இறங்கியதும் மற்றவை வரிசையில் வந்து நின்றன. கண்ணாடிகள் பொருந்தாது, ஒரு பேக்கிங் டப்பாவின் தெளிவான மூடியிலிருந்து புதிதாக வெட்டினோம். ஓட்டுபவன் தலை இடிக்கும், சீட்டை இறக்கினோம். சீட் இறங்கினால் ஸ்டீயரிங் முகத்துக்கு நேரே வரும். அதன் தண்டைச் சாய்த்தோம். இப்படிச் சங்கிலியாக யோசிப்பது ஆர்டிஎஸ்ஓவில் ட்ராயிங் திருத்துபவர்களின் வேலை. ஒரு மாற்றத்துக்கு ஏன் அவ்வளவு நாள் ஆகிறது என்று இத்தனை வருஷம் முணுமுணுத்த வாயை இப்போது மூடிக்கொண்டிருக்கிறேன்.

பெயிண்ட் அடிப்பதைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். நிஜ காரில் பெயிண்ட்டின் மொத்தக் கனம் சுமார் 100 மைக்ரான். 25-ல் ஒரு பங்கு என்றால் 4 மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. நாம் நன்றாகவே அடித்தாலும் 50 மைக்ரான் விழும். மாடலின் உலகத்தில் அது ஒன்றேகால் மில்லிமீட்டர் கனமான பூச்சு! கதவு இடுக்குகள் மூடிப்போகும். ஆணித்தலைகள் மொழுக்கென்று ஆகும். ஆகவே பனி விழுவது போல் பட்டும் படாமலும் நாலைந்து முறை அடித்து, நடுநடுவே 2000 நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கும் முன்னால் சோப்புத் தண்ணீரில் எல்லாப் பாகங்களையும் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய பொருள் மேலே இருக்கலாம். கார் பட்டறைகளில் அடிக்கும் லேக்கர் பெயிண்ட்டின் தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னக்கூடியது. முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்மேல் அடித்துப் பாருங்கள். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் ஸ்பூன்களை என் சகதர்மிணி இப்போது எனக்காகவே கழுவி எடுத்து வருகிறாள்.

புனே மழைக்காலத்தில் லேக்கர் வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் வெளுத்துப் பால் படிந்தது போல் ஆகும். ஜூலையில் பட்டி வேலை முடித்தோம். பெயிண்ட்டுக்கு அக்டோபர் வரை காத்திருந்தோம். நடுவில் ஆயுத பூஜை வந்தது. மராட்டிய அண்டை வீட்டார் கண்டே நவமி என்று அதே நாளில் தங்கள் ஆயுதங்களுக்குப் பூ வைத்தார்கள். எங்கள் வீட்டில் வெர்னியர், சாமணம், ரம்பம், பேரனின் பென்சில் டப்பா எல்லாம் ஒரே மணையில் சந்தனம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இன்ஜின். கிட்டில் வரும் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு ஒயர்கூடக் கிடையாது. நிஜத்தில் ஸ்பார்க் பிளக் கேபிள் 7, 8 மில்லிமீட்டர் தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். புதவார் பேட்டையில் மோட்டார் காயில் கட்டுவோர் வாங்கும் 30 கேஜ் செப்புக் கம்பி 0.315, கச்சிதம்! டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஊசிமுனை போன்ற டிரில்லை விரலால் உருட்டித் துளை போட்டோம். எட்டு பிளக்குக்கு எட்டு, காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கும். பிளக்குகள் ஹெட்டின் மேலேயே நிமிர்ந்து நிற்கும். எந்த ஒயர் எந்த பிளக்குக்கு? பார்ப்பவர் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடலாம். பேரன் விடவில்லை. ஃபோர்டின் ஃபயரிங் ஆர்டர் 1-5-4-8-6-3-7-2. அதைத் தேடி எடுத்து, சுவரில் ஒட்டி, அதே வரிசையில் ஒயர் இழுத்தான். கூரையை வெட்டத் துணிந்தவனே இதில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. நான் கேட்டதற்கு, "அதை மாத்தினா வண்டி ஓடாதே தாத்தா" என்றான். ஓடாத வண்டிதான். ஆனாலும் எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

கடைசியில் தூசு. மியூராக் ஏரியில் ஓடிய கார் ஷோரூம் போல் பளபளக்கக் கூடாது. ரங்கோலிப் பொடி தூவலாமே என்றாள் மனைவி. அந்த மணலை 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், கூழாங்கல் ஆகிவிடும்! பள்ளிக்கூட சாக்பீஸை நைஸ் பேப்பரில் தேய்த்த தூளை, பழைய பிரஷ்ஷால் சேசிஸ் அடியில் மட்டும் ஒற்றினோம். குரோம் பாகங்களை ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. இது தவிர, புதிதாகத் தொடங்குவோருக்குச் சாமான்கள் அதிகம் வேண்டாம். நல்ல பிளேடு, சிறிய அரங்கள், சாமணம், பூதக்கண்ணாடி விளக்கு. போஹ்ரி ஆளியில் ஒரு சுற்று வந்தால் எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டுக் கிட்டுகள்தான் இங்கே விலை கொளுத்தும். முதல் கிட்டுக்குப் பசை வேண்டாத, அழுத்தினால் சேரும் வகை போதும்.

"நிஜ காரையே இப்படிச் செய்தால் என்ன?" என்று நம் சங்கத்தில் ஒரு இளைஞர் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், பிறகு தெருவில் ஓட்டத்தான் முடியாது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்துவிட்டது. சட்டம் நியாயமானது என்பதே ரயில்வேக்காரனான என் கட்சி. ஆக, கார் செய்யும் ஊர்களில் பெரிய ஊரான இந்தப் புனேயில், ஒரு பையன் தன் இஷ்டத்துக்கு ஒரு காரின் கூரையை இறக்க வேண்டுமானால், அதற்கு இருக்கும் இடம் தாத்தாவின் மேசைதான்.

இந்த மேசையால் வீட்டில் ஒரு வழக்கும் கிளம்பியிருக்கிறது. பேரன் அடுத்த வருஷம் ஒன்பதாவது முடிக்கிறான். ஜேஈஈ கோச்சிங்கில் இப்போதே இடம் பிடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். பையன் கார் டிசைன் படிக்க வேண்டும் என்கிறான். பெட்டியை வாங்கிவந்தவரே அவர் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சில விஷயங்களைச் சொல்லக் கூடாது. ஆனால் வேறொன்று சொன்னேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-லிருந்து 1968 வரை பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச் வண்டியின் மாதிரி. பிறகு சொந்தக் கற்பனையில் கார் மாடல். பரிசு, காலேஜ் படிப்புக்குப் பணம். 1947-ல் அதில் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன் பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் பிரிவுக்கே தலைவர் ஆனார். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, ஜெயிச்ச பையன் கதை சரி. தோத்த பையன்கள் என்ன ஆனாங்க?" என்றார். நல்ல கேள்விதான். என் மகள், இரண்டு பேருக்கும் காபி வைத்துவிட்டு, பையனை அழைத்து டிசைன் பரீட்சைக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். அந்தத் தாள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில், கோச்சிங் சென்டர் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. இரண்டையும் யாரும் இன்னும் எடுக்கவில்லை.

காரில் பாக்கி இருப்பது நம்பர் பிளேட் மட்டும். நம்மூர் பிளேட் 500-க்கு 120 மில்லிமீட்டர். 25-ல் ஒரு பங்காக 20-க்கு 4.8. எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம்தான் வரும், அதனால் பிரஷ் வேண்டாம், பிரிண்ட் எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். திருச்சி நம்பராக டிஎன் 45 போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிம்ப்ரியில் பிறந்தவன் எம்ஹெச் 14-தான் என்கிறான். கலிபோர்னியா கார் அல்லவா, இரண்டும் தப்பு என்கிறார் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்காருகிறோம்.